காரைக்குடி வட்டாரத்தில் முதியவர்கள் பேருந்திலும் ரயிலிலும் தனியே போய்வர

செட்டிநாட்டு ஊர்களில் ஐம்பது பேர் புழங்குவதற்கென்று கட்டிய வீட்டில் இன்றைக்கு ஒருவரோ இருவரோ இருப்பது வழக்கமான காட்சி. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீட்டின் முன்பகுதியான முகப்பும் முற்றத்தைச் சுற்றிய வளவும் பூட்டிக் கிடக்க, உட்பகுதியான இரண்டாம் கட்டினுள் எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சியோ ஐயாவோ மாலையில் விளக்கேற்றிக்கொண்டிருப்பார். அவர் வெளியே போக வேண்டுமென்றால் பிள்ளைகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: டிரைவரைக் கூப்பிட்டுக் காரில் போய்வாருங்கள். என் தாயாரிடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவருக்குக் கலியாணச் சவாரி கிடைத்தால் தாயாரின் சர்க்கரைப் பரிசோதனை அடுத்த வாரத்துக்குப் போகும். மூன்றாம் முறையும் அப்படித் தள்ளிப்போனபோது, அவர் யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போய், இரத்தம் கொடுத்துவிட்டு, இரண்டு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார். அன்றிரவு தொலைபேசியில் அதைச் சொன்ன குரலில் இருந்த தெம்பை நான் வெகுநாளாகக் கேட்டிருக்கவில்லை.

காரை வரச்சொல்ல இன்னொருவரின் தயவு வேண்டும். பேருந்தோ யாரையும் கேளாமல் தன் நேரத்துக்கு வரும். ஆனால் முதிய உடம்போடு அதில் போய்வருவதற்குச் சில முறைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நான் என் தாயாருடன் சென்றும், அவர் தனியே சென்று வந்து சொன்னதைக் கேட்டும் தெரிந்துகொண்டவை.

எந்த வண்டியில் ஏறுவது

இந்தப் பக்கத்தில் ஓடும் வண்டிகளை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்: அரசு நகரப் பேருந்து, அதாவது டவுன் பஸ், ஊர்விட்டு ஊர் போகும் அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, மினி பஸ். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் கிடையாது. விடியல் பயணம் என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம் மற்ற மூன்று வகை வண்டிகளுக்கும் பொருந்தாது. ஆகையால் ஏறும்போதே "இது டவுன் பஸ்ஸா, தம்பி?" என்று நடத்துநரிடம் கேட்டுவிடுவது நல்லது, ஒரே ஊருக்குப் போகும் இரண்டு வண்டிகளில் ஒன்று டவுன் பஸ்ஸாகவும் மற்றொன்று வெளியூர் வண்டியாகவும் இருக்கும். கட்டணம் இல்லையென்றாலும் நடத்துநர் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும் வரை கையில் வைத்திருக்க வேண்டும். பரிசோதகர் ஏறினால் அதைத்தான் கேட்பார். குடையையோ கண்ணாடியையோ வண்டியில் மறந்து வைத்துவிட்டால் பணிமனையில் விசாரிப்பதற்கும் அந்தச் சீட்டே துணை.

முதிய ஆண்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அறுபது வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் என்று செய்தித்தாளில் படித்துவிட்டுக் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் விசாரிக்கிற ஐயாமார்களை நான் பார்த்திருக்கிறேன். அது சென்னை மாநகரப் பேருந்துகளுக்கு மட்டுமான திட்டம். ஆனால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம்; உதவிக்கு ஒருவர் தேவைப்பட்டால் அவருக்கும் அப்படியே. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர்களும், கண்பார்வையோ செவிப்புலனோ பெரிதும் குறைந்தவர்களும் தங்களை மாற்றுத்திறனாளி என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வயதாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாக அரசு மருத்துவர் சான்றளித்தால் அட்டை கிடைக்கும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டத்தார் சிவகங்கையிலும், இராயவரம், அரிமளம் போன்ற ஊர்க்காரர்கள் புதுக்கோட்டையிலும் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். செட்டிநாடு என்று நாம் ஒரே மூச்சில் சொன்னாலும், அலுவலகக் கணக்கில் அது இரண்டு மாவட்டம்.

வெளியூர்ப் பேருந்தில் வேறொரு சங்கடம் உண்டு. அது பெரிய சாலையோடு போய்விடும். ஊருக்குள் வராமல், ஊர்ச்சாலை பிரிகிற விலக்கில் இறக்கிவிடும். விலக்கிலிருந்து வீடு வரை உள்ள தூரம் இளவட்டங்களுக்குப் பத்து நிமிட நடை என்றால், முழங்கால் வலியோடு, பகல் பன்னிரண்டு மணி வெயிலில், நிழல் இல்லாத தார்ச்சாலையில் அது வேறு கணக்கு. எனவே வெளியூர் வண்டியில் விரைவாக வந்து விலக்கில் இறங்குவதைக் காட்டிலும், காரைக்குடியிலேயே இறங்கி அரை மணி நேரம் நிழலில் காத்திருந்து ஊருக்குள் வரும் டவுன் பஸ்ஸிலோ மினி பஸ்ஸிலோ வருவதே மேல். காசு கொடுக்க வேண்டியிருந்தாலும் மினி பஸ் தெருமுனை வரை வருகிறது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நேரத்தைத் தேர்ந்துகொள்வது

காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரையிலும், பிற்பகல் மூன்றரையிலிருந்து ஐந்தரை வரையிலும் வண்டிகள் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளால் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுத்தாலும் படியிலிருந்து இருக்கை வரை போய்ச் சேர்வதே பாடாக இருக்கும். பத்து மணியை ஒட்டிப் புறப்பட்டு மூன்று மணிக்குள் திரும்பும் வண்டியில் ஏறுவதுபோல் வேலையை அமைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறைந்துவிடும். அரசு மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டியவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஏழு மணிக்கு முன்னால் வரும் வண்டியைப் பிடிப்பது உத்தமம்.

நண்பகலில் சில ஊர்களுக்கு வண்டியே இருக்காது. அந்த இடைவெளி எப்போது என்பதை நேரப் பலகையைவிட நிறுத்தத்தில் உள்ள டீக்கடைக்காரர் சரியாகச் சொல்வார். அவரிடம் கேட்டு, போகும் வண்டிகளையும் வரும் வண்டிகளையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். அதில் கடைசி வண்டியை எழுதாமல் விட்டுவிடுவது என் வழக்கம். கடைசி வண்டி ஒருநாள் வராமல் போனால் நிற்பது நாமல்லவா. அதற்கு முந்தைய வண்டியையே கடைசி என்று வைத்துக்கொண்டால் ஒரு வண்டி எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

சில நாட்களைத் தவிர்த்துவிடலாம். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை புறப்படும் நாட்களில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் சாலை முழுவதும் காவடியும் கூட்டமுமாக இருக்கும். வண்டிகள் ஊர்ந்துதான் போகும். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டிக்குத்தான் போக வேண்டும் என்பவர்களை யாரும் தடுக்க முடியாது. மற்ற வேலைகளையாவது அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

ஏறுவதும் இறங்குவதும்

முதியவர்களுக்குப் பேருந்துப் பயணத்தில் உண்மையான ஆபத்து ஓடும்போது இருப்பதைவிடப் படியில்தான் அதிகம். முதல் படி முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். எங்கள் ஊர் நிறுத்தத்தில் டீக்கடைக்கு முன்னால் ஒரு பழைய கருங்கல் படி கிடக்கிறது. எப்போதோ இடித்த வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது. என் தாயார் அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, வண்டி வரும்போது கையைக் காட்டி, ஓட்டுநர் பார்த்ததும் அந்தக் கல்லையும் காட்டுவார். வழக்கமாக வரும் ஓட்டுநர்கள் முன்வாசல் அந்தக் கல்லுக்கு நேராக வரும்படி நிறுத்திவிடுவார்கள். படியின் உயரம் அங்கேயே பாதியாகிவிடுகிறது. ஒவ்வொரு ஊர் நிறுத்தத்திலும் இப்படி ஒரு மேடு இருக்கும்: பாலத்துச் சுவரின் அடிக்கல், நிழற்குடையின் விளிம்பு, ஏதாவது ஒன்று. அதைக் கண்டுபிடித்து, தினமும் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

ஏறும்போது வலியில்லாத காலை முதலில் வைத்து, கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றி உடம்பைத் தூக்கிய பிறகு நோகும் காலைக் கொண்டுவர வேண்டும். இறங்கும்போது இதற்கு நேர்மாறு: நோகும் கால் முதலில் கீழே போக வேண்டும், நல்ல கால் மேலே நின்று பாரத்தைத் தாங்கும். இதைத்தான் இயன்முறை மருத்துவர்களும் சொல்லித்தருகிறார்கள். வீட்டு முகப்புப் படியிலேயே இதைப் பத்து நாள் பழகிவிட்டால், வண்டியில் எந்தக் கால் என்று யோசிக்க வேண்டியிராது. ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் வளைந்த பிடியுள்ள கோலாக வாங்கி, ஏறும்போது அதை முன்கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கோலை உள்ளே வீசிவிட்டு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உருண்டு போய் யார் காலுக்கடியிலாவது கிடக்கும். பை தோளில் குறுக்காகத் தொங்க வேண்டும். கையில் பிடிக்கிற பை என்றால், ஏறும்போது ஒரு கை கம்பிக்கு இல்லாமல் போகிறது. பெண்கள் புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிச் செருகிக்கொள்வது நல்லது. இறங்கும் காலில் புடவை தடுக்கி விழுந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருவர்.

இருக்கைக்கு வந்தால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள வரிசையில்தான் குலுக்கல் குறைவு. கடைசி வரிசை காலியாக இருந்தாலும் அங்கே போகக் கூடாது. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது அந்த இருக்கை ஆளைத் தூக்கிப் போடும். எலும்பு தேய்ந்த முதுகுக்கு அது தாங்காது. முதியோர் என்று எழுதிய இருக்கையில் வேறு யாரேனும் இருந்தால் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்டால் எழுந்துவிடுவார்கள். கேட்காமல் முறைத்துக்கொண்டு நின்றால் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதேயில்லை.

இனி இறங்குவது. ஒருமுறை என் தாயார் கீழ்ப்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்தபோது பின்வாசலிலிருந்து இரட்டை விசில் கேட்டது, வண்டி நகர்ந்தது, அவர் முழங்கையை ஊன்றி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. யோசித்துப் பார்த்தால், பின்வாசலில் நின்ற நடத்துநருக்கு முன்வாசலில் இறங்குபவர் தெரியவில்லை என்பதுதான் நடந்தது. அன்றிலிருந்து ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறார். சீட்டு வாங்கும்போதே "தம்பி, நான் இறங்க நேரமாகும், பார்த்து விசில் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவார். தம் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் மறுபடியும் ஒரு குரல் கொடுப்பார். வண்டி முழுதாக நிற்கும் வரை இருக்கையைவிட்டு எழமாட்டார். இறங்கும்போது "ஆள் இறங்குது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்குவார். முதலில் இது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. இப்போது பக்கத்து இருக்கைக்காரர்களே அவருக்காகக் குரல் கொடுத்துவிடுகிறார்கள்.

நீண்ட நாள் வெளியே போகாமல் இருந்தவர்களைத் திடீரென்று தனியே அனுப்பிவிடக் கூடாது. முதல் முறை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். இரண்டாம் முறை அதே வண்டியில், நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்து, எந்த உதவியும் செய்யாமல் பார்த்துக்கொண்டு மட்டும் வர வேண்டும். மூன்றாம் முறை அவர் தனியே போகலாம். இரண்டாம் முறைதான் கூடப் போகிறவருக்குக் கடினம். நான் இரண்டு தடவை எழுந்துவிட்டேன், இரண்டு தடவையும் தாயார் திரும்பிப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டார்.

தண்ணீரும் பையும்

வெளியூர் போகிற அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம்தான் காரணம். செட்டிநாட்டு வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். எந்த நிலையத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது, எந்தக் கடைக்காரர் வீட்டுப் பெண்கள் உள்ளே விடுவார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், பயண நாளில் அதை எந்த நேரத்தில் போடலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

பையில் ஒரு தண்ணீர்ப் புட்டி, சர்க்கரை நோயாளியாக இருந்தால் ஒரு மிட்டாயும் பிஸ்கட்டும், அன்றைய மாத்திரை, ஆதார் நகல், பத்து ரூபாய்த் தாள்கள் சில. இவற்றோடு ஒரு சீட்டு: பெயர், ஊர், இரத்த வகை, உள்ள நோய்கள், உடனே அழைக்க வேண்டிய இரண்டு கைப்பேசி எண்கள். மின்னூட்டம் தீர்ந்த கைப்பேசியைவிட அந்தச் சீட்டு பயன்படும். முதியோருக்கான உதவி எண் 14567, ஆம்புலன்சுக்கு 108, ரயில் விவரங்களுக்கு 139 ஆகியவற்றையும் அதன் பின்பக்கத்தில் எழுதிவைக்கலாம்.

மதுரைக்குக் கண் காட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் இறங்கி அங்கிருந்து டவுன் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம். போவது தனியே முடியும். ஆனால் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டார்கள் என்றால் சில மணி நேரம் எழுத்தெல்லாம் மங்கும், வெளிச்சம் கூசும். பேருந்துப் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது. அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் துணை கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

ரயில்

நீண்ட தூரத்துக்கு முதுகும் முழங்காலும் ரயிலைத்தான் விரும்பும். எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. சென்னைக்குப் போகும் பல்லவன் விரைவு வண்டி காரைக்குடியிலிருந்தே புறப்படுவதால், நெரிசல் இல்லாமல் முன்னதாகவே ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். செட்டிநாடு, கோட்டையூர் போன்ற சிறு நிலையங்களில் வண்டி நிற்கும் நேரம் குறைவு. வீட்டுக்குப் பக்கம் என்றாலும், மூட்டுவலி உள்ளவர்கள் காரைக்குடி சந்திப்புக்கே வந்து ஏறுவது பாதுகாப்பு. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் நிலைய மேலாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். முந்தைய நாளே சொல்லிவைப்பது நல்லது.

முதியோர் கட்டணச் சலுகையை இன்னும் பலர் முன்பதிவுச் சாளரத்தில் கேட்கிறார்கள். அறுபது வயது ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயதுப் பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த அந்தச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதிலிருந்து இல்லை. ஆனால் புற்றுநோய், சிறுநீரக நோய், இதய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்காகச் சிகிச்சைக்குச் செல்வோருக்கு மருத்துவமனைச் சான்றின்பேரில் கிடைக்கும் சலுகைகள் தொடர்கின்றன. சென்னைக்கு மாதந்தோறும் போகும் நோயாளிகள்கூட இதை அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழ்ப்படுக்கைக்கான ஒதுக்கீடும் இருக்கிறது. அறுபது வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும், தனியாகவோ அந்த வயதுள்ள இருவராகவோ ஒரே பயணச்சீட்டில் பதிவு செய்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் இடம் பார்க்கும். நம் வீடுகளில் செய்யும் தவறு, அப்பத்தாவையும் ஐயாவையும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு சேர்த்து ஒரே சீட்டில் போடுவது. பெரியவர்கள் இருவருக்கும் தனிச்சீட்டாகப் பதிவு செய்தால் கீழ்ப்படுக்கை கிடைக்கும் வாய்ப்பு கூடும். பெட்டி வேறானாலும் இரவில் ஏணியில் ஏற வேண்டிய அவசியம் வராது. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால் திறக்கிறது. அப்படியும் மேல்படுக்கை வந்துவிட்டால், வண்டி கிளம்பியதும் பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் சொல்ல வேண்டும். காலியான கீழ்ப்படுக்கை இருந்தால் மூத்தவர்களுக்கு மாற்றித்தர விதி இருக்கிறது.

வண்டியே வராத ஊர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் ஊருக்கு வண்டி இருந்தால்தான். சில ஊர்களில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதுவும் பள்ளி விடுமுறையில் நின்றுவிடும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைக் குறைசொல்வதைவிட மனுவாக எழுதுவது பயன் தரும். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலோடு திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். முதல்வரின் உதவி மைய எண் 1100இலும் பதிவு செய்யலாம். மனுவில் "பேருந்து வசதி வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்த வண்டி, எந்த நேரம், எத்தனை முதியவர்கள், எந்த மருத்துவமனைக்கு என்று எழுத வேண்டும். புதிய வண்டி கேட்பதைவிட, ஏற்கெனவே விலக்கோடு திரும்பிவிடும் வண்டி ஒரு நடை ஊருக்குள் வந்து போக வேண்டும் என்று கேட்பது எளிதில் நடக்கும். நிழற்குடையில் உட்காரும் பலகையும், படியை ஒட்டி ஒரு சிமெண்ட் மேடையும் ஊராட்சியிலேயே கேட்டுப் பெறலாம்.

பங்குனியில் கம்பன் விழாவுக்குக் காரைக்குடிக்கும், நிறைவு நாளில் நாட்டரசன்கோட்டைக்கும் போய்வருகிற பெரியவர்கள் எங்கள் ஊரில் நான்கைந்து பேர். 1939இல் தொடங்கிய விழா அது; இவர்களில் சிலர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். இரவு நிகழ்ச்சி முடியும்போது ஊருக்குப் பேருந்து இருக்காது. அவர்கள் கண்ட வழி, போகும்போது அனைவரும் ஒரே டவுன் பஸ்ஸில் போவது, திரும்பும்போது ஓர் ஆட்டோவை ஐந்து பேராகப் பங்கிட்டுக்கொள்வது. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கை என் தாயார்தான் வைத்திருக்கிறார். போன பங்குனியின் பாக்கி இருபது ரூபாய் இன்னும் வரவில்லையாம்.